விஆர் கண்ணாடியில் கி.பி. 320 ரோம்

வகுப்பில் காட்டலாமா என்று பார்க்கத்தான் பழைய ரோம் நகரை விஆர் (மெய்நிகர்) கண்ணாடியில் சுற்றிக் காட்டும் இந்தச் செயலியை வாங்கினேன். முதலில் கொலோசியம் என்ற பெரிய அரங்கத்தின் சுவரை ஒட்டிப் போய் நின்றேன். இன்று அதில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். கற்களைப் பிணைத்திருந்த இரும்பைப் பின்னாளில் பிடுங்கியதால் வந்தவை. இங்கே சுவர் வழவழவென்று இருக்கிறது. பக்கத்தில் சுமார் 30 மீட்டர் வெண்கலச் சிலை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவுக்கு அப்போது வயது 5தான்!

தெருவில் ஒரு குப்பை கிடையாது, ஆளும் கிடையாது. சரி, போகட்டும். ஆனால் எதற்கு ஆதாரம் உண்டு, எது ஊகம் என்று எங்கும் சொல்லவில்லை. அந்தச் சிலையின் முகத்தைப் பார்த்து, "நிஜமாவே இப்படியா இருந்துச்சு?" என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது? அப்புறம், உட்கார்ந்தே பாருங்கள். பத்து நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.