கேனான் 85 மி.மீ. எஃப்/1.8: முகத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

உருவப்படத்துக்கென ஒரு லென்ஸ் வாங்க விரும்புவோருக்கு, 1992இல் வெளிவந்து இன்றும் பழைய கேமராக்களை விற்கும் கடைகளில் கிடைக்கும் கேனான் இஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யுஎஸ்எம் லென்ஸையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் அதற்குக் காரணம், பலரும் சொல்வதுபோல் இதில் டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது படத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம், குறைவாகக் கிடைக்கும் என்பதன்று.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது), இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பவரை இந்த லென்ஸால் எஃப்/1.8இல் (இந்த எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிதாகும்) எடுத்தால், கூர்மையாக விழும் பகுதி ஏறத்தாழ 6 செ.மீ. ஆழமே இருக்கும். அதே இடத்தில் நின்று 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸால் எடுத்தால் 17 செ.மீ. வரை கிடைக்கும். ஆனால் 50இல் முகம் சிறியதாகத் தெரிவதால் யாரும் அங்கேயே நிற்பதில்லை. முகம் அதே அளவில் வரும்வரை சுமார் 1.2 மீட்டருக்கு நெருங்குகிறார்கள், நெருங்கியதும் அங்கும் ஆழம் 6 செ.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது. ஆக, சட்டகத்தில் முகத்தின் அளவு ஒன்றாக இருந்தால், ஒரே எஃப் எண்ணில் இரண்டு லென்ஸும் தரும் ஆழம் ஏறக்குறைய ஒன்றே.

வேறுபாடு பின்னணியில்தான் இருக்கிறது. குவியத் தூரத்தை (85, 50 என்னும் மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்தால் அபெர்ச்சரின், அதாவது லென்ஸின் திறப்பின், விட்டம் கிடைக்கும்: 85 மி.மீ. லென்ஸுக்கு அது 47 மி.மீ., 50க்கு 28 மி.மீ. மட்டுமே. தொலைவிலுள்ள விளக்குகள் எவ்வளவு பெரிய வட்டங்களாகக் கரைகின்றன என்பதை இந்த விட்டமே தீர்மானிக்கிறது. 85இன் திறப்பை எஃப்/2.8க்குக் குறைத்தாலும் விட்டம் 30 மி.மீ. இருக்கும், அதாவது முழுதும் திறந்த 50ஐவிடச் சற்றே கூடுதலாகப் பின்னணி மங்கும், முகத்திலோ 9 செ.மீ. ஆழம் கிடைக்கும். இந்த லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் இதற்கே தகும் என்பேன்.

எஃப்/1.8இல் சற்றே திரும்பிய முகத்தை எடுத்தால், அருகிலுள்ள கண்ணின் இமைமயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். மறு கண் மெல்லக் குழையும், காதிலுள்ள ஜிமிக்கியோ வெறும் பொன்னிறத் திட்டாகிவிடும். நகையும் முகத்தின் பகுதிதான் என்று கருதுபவர்கள் எஃப்/4 வரை தயங்காமல் செல்லலாம். அங்கே 13 செ.மீ. ஆழம் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. முழுதும் திறந்த நிலையில் ஒளி மிகுந்த விளிம்புகளில் ஊதாநிறம் படரும். அதிர்வுத் தடுப்பு இல்லாததால் ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. 0.85 மீட்டருக்கும் அருகே ஃபோகஸ் ஆகாது. எடை 425 கிராம்தான் என்பதால் கை வலிக்காது.

கேனானின் ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) இதன் பார்வைக்கோணம் 136 மி.மீ. லென்ஸுக்கு நிகராகக் குறுகிவிடும். அத்தகைய கேமராவை வைத்துக்கொண்டு வீட்டு அறைக்குள்ளேயே படமெடுப்பவர்கள், விலையும் குறைவான 50 மி.மீ. எஃப்/1.8ஐ வாங்கிக்கொள்வதே சரி.