கன்யாகுமரியைத் திருத்தினால் மாவட்டமே காணாமல் போகும்: பட்டிபிரஸ் புரொஃபைல் புலங்கள், நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

“மாவட்டப் பட்டியல்ல ஒரே ஒரு எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா நிறையப் பேருக்கு மாவட்டமே இல்ல. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?”

பட்டிபிரஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் உறுப்பினர் சமூகம் அமைக்கும் ப்ளக்இன்) வைத்துத் தளம் நடத்தும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. யாரும் ஹேக் பண்ணவில்லை. பட்டிபிரஸ் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் நடந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் அதை நிறுவுவது, எக்ஸ்டெண்டட் புரொஃபைல்ஸ் பகுதியை இயக்குவது, யூசர்ஸ் மெனுவில் புரொஃபைல் ஃபீல்ட்ஸ் பக்கத்துக்குப் போய்ப் புலம் (மாவட்டம், தொலைபேசி எண் போல உறுப்பினர் நிரப்பும் கட்டம்) சேர்ப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. சேர்த்த பிறகு அந்தப் புலத்தோடு பல வருடம் வாழ வேண்டுமே, தலைவலி அங்கேதான்.

டிராப்டவுன், ரேடியோ, செக்பாக்ஸ் எதுவாக இருந்தாலும் உறுப்பினர் தேர்ந்தெடுத்ததை பட்டிபிரஸ் எண்ணாகச் சேமிப்பதில்லை, ஆப்ஷனின் எழுத்துகளையே சேமிக்கிறது. ஆப்ஷன்கள் ஃபீல்ட்ஸ் அட்டவணையில், தாய்ப் புலத்தின் கீழே தனித்தனி வரிசைகளாகக் கிடக்கும். உறுப்பினரின் பதில் டேட்டா அட்டவணையில் வெறும் சொல்லாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது மட்டும்தான். அட்மின் பக்கத்தில் ‘கன்யாகுமரி’யை ‘கன்னியாகுமரி’ ஆக்கி சேவ் செய்தால், பட்டிபிரஸ் பழைய ஆப்ஷன் வரிசைகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. உறுப்பினரின் பதிலை அது தொடுவதே இல்லை. அங்கே இன்னமும் ‘கன்யாகுமரி’தான்.

இதில் கொடுமை, உடனே எதுவும் உடையாது. புரொஃபைலைத் திறந்து பார்த்தால் பழைய சொல் அப்படியே தெரியும், அட்மினும் நிம்மதியாகத் தூங்கப் போவார். பிறகு என்றைக்கோ அந்த உறுப்பினர் தன் தொலைபேசி எண்ணை மாற்ற எடிட் பக்கம் வருவார். சேமித்த சொல் பட்டியலில் இல்லாததால் மாவட்டம் வெறும் கோடாக நிற்கும். அவர் அதைக் கவனிக்காமல் எண்ணை மாற்றி சேவ் அழுத்துவார். காலியாக வந்த மதிப்பைப் பார்த்த பட்டிபிரஸ், டேட்டா அட்டவணையில் அந்த வரிசையையே நீக்கிவிடும். எச்சரிக்கையும் வராது, அட்மினுக்கு மின்னஞ்சலும் போகாது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி, ஒவ்வொரு எடிட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நண்பருக்கு மூன்று மாதம் ஆனதன் காரணம் இதுதான்.

புலம் கட்டாயம் என்று குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் தப்பிக்கலாம். அப்போது கட்டாயப் புலத்தை நிரப்பச் சொல்லி சேவ் மறுக்கப்படும், உறுப்பினர் மறுபடி தேர்ந்தெடுப்பார். ஆகவே ஆப்ஷன் உள்ள எந்தப் புலத்தையும் கட்டாயமாக்கி, பட்டியலின் கடைசியில் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று ஓர் ஆப்ஷன் வைத்துவிடுவது நல்லது. இந்த மென்பொருளில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் முறை இதுதான். முதலில் எக்ஸ்புரொஃபைல் அட்டவணைகள் நான்கையும் (குரூப்ஸ், ஃபீல்ட்ஸ், டேட்டா, மெட்டா) பேக்கப் எடுங்கள். பழைய ஆப்ஷனைத் தொடாமல், புதிய எழுத்துக்கூட்டலை இன்னோர் ஆப்ஷனாகச் சேர்த்து சேவ் செய்யுங்கள். புலத்தின் எண் எடிட் பக்கத்தின் முகவரிப் பட்டையில் இருக்கும். பிஎச்பிமைஅட்மினில் (தரவுத்தளத்தை நேரடியாகத் திருத்தும் கருவி) டேட்டா அட்டவணையைத் திறந்து, அந்தப் புல எண்ணும் பழைய சொல்லும் உள்ள வரிசைகளில் மட்டும் மதிப்பைப் புதிய சொல்லாக மாற்றுங்கள். பழைய சொல்லோடு ஒரு வரிசைகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகே பழைய ஆப்ஷனை நீக்குங்கள். ரெடிஸ் அல்லது மெம்கேஷ்டு (தகவலைத் தற்காலிக நகலாக நினைவகத்தில் வைக்கும் மென்பொருள்கள்) ஓடும் சர்வராக இருந்தால் ஆப்ஜெக்ட் கேஷைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் தளம் பழைய சொல்லையே காட்டும், “மாறவே இல்லையே” என்று இன்னொரு முறை கை வைக்கத் தோன்றும்.

மேலே சொன்னது டிராப்டவுனுக்கும் ரேடியோவுக்கும் மட்டும். செக்பாக்ஸுக்கும் பல தேர்வுப் பட்டியலுக்கும் இதையே செய்தால் வினை. அவற்றில் பல பதில்கள் ஒரே சரமாகக் கோத்துச் சேமிக்கப்படுகின்றன, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘கன்யாகுமரி’ புள்ளியும் கால்களும் கொக்கிகளும் சேர்த்து 10 குறி, ஆக 30. ‘கன்னியாகுமரி’ 12 குறி, ஆக 36. சொல்லை மட்டும் மாற்றி முன்னால் 30 என்றே விட்டுவிட்டால் சரத்தைப் பிரிக்க முடியாது. கன்னியாகுமரி மட்டுமல்ல, அந்தப் புலத்தில் அந்த உறுப்பினர் போட்ட எல்லா டிக்கும் போய்விடும்.

இதற்கு வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியில் உள்ள சர்ச்-ரீப்ளேஸ் உதவும். அது நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முன்னொட்டுள்ள எல்லா அட்டவணைகளையும் பார்க்கச் சொல்லும் தெரிவைச் சேர்த்து, டேட்டா அட்டவணையின் பெயரைக் கொடுத்து, முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பாருங்கள். அது புல எண்ணைப் பார்க்காது என்பதை மறக்க வேண்டாம். ‘என்னைப் பற்றி’ புலத்தில் யாராவது ‘கன்யாகுமரி’ என்று எழுதியிருந்தால் அதுவும் மாறும். எழுத்துப்பிழை என்றால் பரவாயில்லை. ‘ஆசிரியர்’ என்பதை ‘பள்ளி ஆசிரியர்’ ஆக்கப் போனால் ஊரார் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் கோணலாகும்.

தமிழுக்கென்றே இன்னொரு பொறியும் உண்டு. ‘கோயம்புத்தூர்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பட்டிபிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எக்செல் கோப்பிலிருந்து பட்டியலை ஒட்டியிருந்தால் இது வர வாய்ப்பு அதிகம். “ஒண்ணுமே மாத்தலையே, ஏன் செலக்ட் ஆகல?” என்று யாராவது கேட்டால் முதலில் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகளைச் சந்தேகப்படுங்கள்.

சரி, மாவட்டப் பட்டியலை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிட்டால் தொல்லை இல்லையே என்பீர்கள். 2019-ல் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்தும், 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 32 மாவட்டம் 38 ஆனது. வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது, ‘வேலூர்’ என்று போட்டிருந்தவர்களில் யார் ராணிப்பேட்டை, யார் திருப்பத்தூர் என்று எந்தக் கட்டளையாலும் சொல்ல முடியாது, உறுப்பினர்களைத்தான் கேட்க வேண்டும். அது மென்பொருளின் குற்றமல்ல. ஆனால் 38 பெயர்களையும் ‘ஆட் அனதர் ஆப்ஷன்’ அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாக அடிக்க வைப்பது மென்பொருளின் குற்றம்தான். மொத்தமாக ஒட்ட ஒரு பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் கோபம் கூடுகிறது. ஜென்ஃபோரோ என்ற விவாத மன்ற மென்பொருளில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் உள்ளே ஒரு குறிச்சொல், வெளியே ஒரு பெயர். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உறுப்பினரின் பதில் அசையாது. இன்னொரு மன்ற மென்பொருளான பிஎச்பிபிபி எண்ணாகச் சேமிக்கிறது. அங்கே நடுவில் ஓர் ஆப்ஷனைச் செருகினால் எல்லாருடைய பதிலும் ஒரு படி நகரும் அபாயம் உண்டு, ஆனால் புதியதைக் கடைசியில் சேர்க்கும்படி அந்தப் பக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறார்கள். பட்டிபிரஸில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

இப்போது நியாயம் பேச வேண்டும். யார் எந்தப் புலத்தைப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில் பட்டிபிரஸ் அருமை. ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாக எல்லாரும், உறுப்பினர்கள் மட்டும், நண்பர்கள் மட்டும், நான் மட்டும் என்று நான்கு நிலை, அதுவும் காசில்லாமல். ‘நான் மட்டும்’ என்பதன் உள்பெயர் ‘அட்மின்ஸ் ஒன்லி’. அதாவது தள நிர்வாகியும் பார்ப்பார், இதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நண்பர்கள் நிலை வேண்டுமென்றால் ஃப்ரெண்ட்ஸ் பகுதி இயங்க வேண்டும். முதல் புலமான பெயரை மறைக்க வழியில்லை.

தொலைபேசி எண் புலத்தை ‘எல்லாரும்’ என்று தொடங்கிவிட்டுப் பிறகு ‘நண்பர்கள்’ என்று மாற்றினால் பழைய உறுப்பினர்களின் எண் மறையாது. எடிட் பக்கத்தில் சேவ் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அப்போதைய நிலை அவரவர் யூசர்மெட்டாவில் (உறுப்பினர்வாரித் தகவல் அட்டவணையில்) எழுதப்பட்டுவிடுகிறது. உறுப்பினர் எதையும் மாற்றாவிட்டாலும் எழுதப்படும். தளத்தின் இயல்பு நிலையைவிட அதற்குத்தான் முன்னுரிமை. ஆனால் அட்மினில் இயல்பு நிலையை மாற்றும் அதே பெட்டியில் ‘என்ஃபோர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், யூசர்மெட்டாவில் என்ன கிடந்தாலும் அட்மின் சொன்ன நிலைதான் செல்லும், அடுத்த நொடியே எல்லாருடைய எண்ணும் மறையும். தொலைபேசி, பிறந்த தேதி, முகவரி மூன்றையும் முதல் நாளே இப்படிப் பூட்டிவிடுங்கள். பிறகு பூட்டைத் திறந்தால் யூசர்மெட்டாவில் கிடக்கும் நிலை எதுவோ அது திரும்பி வரும், அது ‘எல்லாரும்’ ஆகவும் இருக்கலாம்.

2021-ல் வந்த 8.0 பதிப்பு இன்னொரு பழைய குறையைத் தீர்த்தது. அதற்கு முன் பதிவுப் படிவத்தில் முதல் குழுவின் (புலங்களைக் குழு குழுவாகத்தான் பட்டிபிரஸ் தொகுக்கிறது) புலங்கள் மட்டுமே வரும். இப்போது எந்தக் குழுவிலிருந்தும் எடுத்துப் பதிவுப் படிவத்தில் போடலாம். விதிமுறைகளுக்குச் சம்மதம் வாங்கும் செக்பாக்ஸ் வகையும் அப்போதுதான் வந்தது.

சின்னச் சின்னச் சறுக்கல்கள் சில. ஒவ்வொரு குழுவுக்கும் எடிட் பக்கம் தனி, சேவ் பொத்தானும் தனி. இரண்டாம் குழுவில் கட்டாயப் புலம் வைத்தாலும் உறுப்பினர் அந்தப் பக்கத்துக்கே போகாவிட்டால் அது காலியாகவே கிடக்கும். தேதிப் புலத்தில் ஆண்டு வரம்பு, தொடாமல் விட்டால், 60 ஆண்டு பின்னால் தொடங்கி 10 ஆண்டு முன்னால் முடியும். 2025-ல் உருவாக்கிய பிறந்த தேதிப் புலத்தில் 1965-க்கு முன் பிறந்தவருக்கு இடமில்லை, 2035-ல் பிறக்கப்போகிறவருக்கு உண்டு! ஓய்வூதியர் சங்கத் தளத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் பலருக்குத் தங்கள் பிறந்த ஆண்டே பட்டியலில் கிடைக்காது.

பெயர்ப் புலம் வேர்ட்பிரஸ் கணக்கோடு ஒத்திசையும்போது முதல் இடைவெளியில் வெட்டி முற்பெயர், பிற்பெயர் என்று பிரிக்கிறது. ‘கு. முத்துசாமி’ என்று இனிஷியலை முன்னால் போடும் நமக்கு முற்பெயர் ‘கு.’ ஆகிவிடும். முற்பெயரை எடுத்து வாழ்த்தும் செய்திமடல் ப்ளக்இன் இருந்தால் “வணக்கம் கு.” என்று போகும். பெயர்ப் புலத்தின் விளக்கத்தில் ‘இனிஷியலைப் பின்னால் எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீரும்.

ஆப்ஷன் உள்ள புலங்களின் பதில் தானாகவே லிங்க் ஆகும். அதைத் தட்டினால் எல்லாப் புலங்களிலும் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் தேடும். பாலினப் புலத்தில் ‘ஆண்’ என்பதைத் தட்டினால் ஆண்டிபட்டிக்காரர்களும் ஆண்டாள் என்ற பெயருள்ளவர்களும் ‘25 ஆண்டு அனுபவம்’ என்று எழுதியவர்களும் வரிசையாக வருவார்கள். சிரித்துவிட்டு, புலத்தின் எடிட் பக்கத்தில் ஆட்டோலிங்கை அணைத்துவிடுங்கள். சிஎஸ்எஸ் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழில் பெயரிட்ட புலத்தின் கிளாஸ் பெயர் சதவீதக் குறிகளாக நீண்டு நாறும், புல எண் உள்ள கிளாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 2. மறைப்பு ஏற்பாட்டுக்கே 4 கொடுக்கலாம்தான், ஆனால் உறுப்பினர் கொடுத்த தகவலைச் சத்தமில்லாமல் அழிக்கும் ஒரு மென்பொருளுக்கு 2-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வேர்ட்பிரஸ் தளத்துக்கு எதை நிறுவலாம் என்று கேட்டால் பதில் இன்றும் பட்டிபிரஸ்தான், அதையும் மறைப்பதற்கில்லை.

நண்பருக்கு: திருத்துவதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் பாதிக்கு மேல் மீட்கலாம். முழு பேக்கப்பையும் மேலே ஏற்றிவிடாதீர்கள், மூன்று மாதத்தில் மற்றவர்கள் மாற்றியதெல்லாம் போய்விடும். பழைய டேட்டா அட்டவணையை மட்டும் வேறு பெயரில் இறக்குங்கள். மாவட்டப் புல எண் உள்ள வரிசைகளில், இன்றைய அட்டவணையில் அந்தப் புலத்துக்கு வரிசையே இல்லாத உறுப்பினர்களை மட்டும் பொறுக்கி, மதிப்பைப் புதிய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிச் சேருங்கள். வரிசை எண்ணை மட்டும் காலியாக விடுங்கள், அட்டவணை தானே கொடுத்துக்கொள்ளும். இன்னும் சேவ் அழுத்தாதவர்களிடம் பழைய சொல் அப்படியே இருக்கும், அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கேஷைக் காலி செய்துவிட்டுப் புலத்தைக் கட்டாயமாக்குங்கள்.