வேலூரில் நம்பிப் போகக்கூடிய ரத்தப் பரிசோதனை நிலையம்

குடியாத்தத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவைக் காட்பாடி ரோட்டிலுள்ள இந்த லேபுக்குக் கூட்டி வருகிறேன். அவருக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். கீமோவுக்கு அடங்காமல் போனதால் மும்பையில் கார்-டி சிகிச்சை எடுத்தோம். அவருடைய டி செல்களையே (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) எடுத்து, மரபணுவை மாற்றித் திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். கட்டி கரைந்துவிட்டது. பயம்தான் கரையவில்லை.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு வேறொரு ரத்தப் புற்றுநோய் வருகிறது. அமெரிக்காவில் 2023 முடிய 27,000 டோஸுக்கு மேல் போட்டதில், டி செல் புற்று வந்ததாகப் பதிவானவர்கள் 22 பேர். 2024 ஜனவரியில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருந்துக் குறிப்பின் மேலேயே எச்சரிக்கை போடச் சொன்னது. பழைய கீமோவால் எலும்பு மஜ்ஜை கெட்டு வரும் எம்.டி.எஸ் (மஜ்ஜை சரியாக ரத்த அணுக்களை உண்டாக்காத நோய்), ஏ.எம்.எல் (ஒருவகை ரத்தப் புற்று) அதைவிட அதிகம். ஆயுசு முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

முன்பு போன வேறொரு லேபில் பிளேட்லெட் 1,90,000-லிருந்து 1,10,000-ஆக இறங்கியும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். இங்கே ரத்தம் எடுத்த பெண், "ஐயா, பழைய ரிப்போர்ட் இருந்தா குடுங்க" என்று வாங்கி மேசையில் வரிசையாகப் பரப்பினார். எம்.சி.வி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) ஏறிக்கொண்டே போவதை விரலால் தொட்டுக் காட்டினார். சாயங்காலமே லேப் டாக்டரம்மா, ரத்தம் தடவிய ஸ்லைடைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, போனில் கூப்பிட்டார்: "பயப்படாதம்மா, ஆனா நாளைக்கே உங்க டாக்டர்கிட்ட காட்டிடு."

மஜ்ஜைப் பரிசோதனையில் புற்று இல்லை; வைட்டமின் பி12 குறைபாடுதான். அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, காலை ஏழு மணிக்கே கூட்டம். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.