துவக்குப் பழகுவது: வயலில் தொடங்குவதா, வீட்டு மேசையில் தொடங்குவதா?

வீடு யாழ்ப்பாணத்தில், வயல் கிளிநொச்சிப் பக்கம். பன்றி ஒரே இரவில் கதிரை உழக்கிவிட்டுப் போகிறது. பயிர்க்காவலுக்கென்று 12 போர் (குழல் அளவு) துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கிறவர்களில் பெரும்பாலானோரின் நிலைமை இதுதான். பத்திரம் பாதுகாப்பு அமைச்சின் கையில், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த விடயம். தெரியாதது துவக்கைக் கையாள்வது. முந்திய காலத்தில் தகப்பனோ பெரியப்பாவோ பக்கத்தில் நின்று பழக்கினார்கள். போர்க்காலத்தில் உரிமத் துவக்குகள் வீடுகளை விட்டுப் போனதோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது. இன்று முதன்முதலாகத் துவக்கு வாங்குகிறவருக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது.

வழிகள் மூன்று. வீடியோ பார்த்துப் பழகலாம். அனுபவசாலி ஒருவரோடு நேரே வயலுக்குப் போய் வெடித்துப் பழகலாம். வீட்டில் போலித் தோட்டாவோடு இரண்டு கிழமை கையைப் பழக்கிவிட்டு, அதன் பிறகு ஐந்தாறு வெடி வைக்கலாம். எங்கள் சாய்வு மூன்றாவதன் பக்கம்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாத் துவக்கையும் தோட்டா ஏறியதாகவே நினை, குழல்வாயை ஆள் பக்கம் திருப்பாதே, சுட முடிவெடுக்கும் வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் பார். இந்த நான்கையும் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். விரலுக்குத்தான் மனப்பாடம் வராது. அதோடு வீடியோக்களில் வருவது பெரும்பாலும் கைத்துப்பாக்கியும், தோட்டாக்களை அடுக்கி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் ரிப்பீட்டரும். நம்மவர் கையில் இருப்பது மடக்கித் திறக்கும் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ.

நேரே வயலுக்குப் போவதில் ஒரு நன்மை உண்டு, அதை மறுக்க முடியாது. சத்தமும் உதையும் என்னவென்று முதல் நாளே தெரிந்துவிடும். மூன்று கிலோ எடையுள்ள ஒற்றைக்குழலில் 32 கிராம் ஈயம் போகும்போது தோள் வாங்கும் அடியை எந்த மேசைப் பயிற்சியும் தராது. ஆனால் ஒரு நாள் காவலை எண்ணிப் பாருங்கள். சுடுவது ஒரு முறை, பல இரவுகளில் அதுவும் இல்லை. திறப்பது, தோட்டா போடுவது, எடுப்பது, மூடுவது, வரம்பில் ஏறி இறங்குவது, கடப்புத் தாண்டுவது, இன்னொருவர் கையில் கொடுத்து வாங்குவது எல்லாம் சேர்ந்தால் முப்பது நாற்பது தடவை வரும். தவறி வெடிப்பது இந்த முப்பது நாற்பதில்தான். வயலில் வெடித்துப் பழகுகிறவர் குறிவைக்கப் பழகுகிறார், மற்றதெல்லாம் போகிற போக்கில். தோட்டாவும் எண்ணித்தான் கிடைக்கும். பத்துத் தோட்டாவை முடித்தவர் பத்துத் தடவைதான் துவக்கைத் திறந்து மூடியிருப்பார்.

இனி மேசைப் பயிற்சி. முதல் வேலை வெடித் தோட்டா அத்தனையையும் எண்ணி, வேறு அறையில், வேறு பூட்டுக்குள் வைப்பது. போலித் தோட்டாவை நீங்களே செய்யலாம். வெடித்து முடிந்த கோதில் பழைய கேப்பை (ஊசி குத்தித் தோட்டாவை வெடிக்கவைக்கும் சிறு மூடியை) அகற்றிவிட்டு, அந்தக் குழிக்குள் கெட்டி அழிறப்பரை விளிம்பு மட்டத்துக்கு இறுக்குங்கள். கோதின் பக்கத்தில் நான்கு துளை போட்டு, மஞ்சளும் சிவப்பும் தவிர்த்து வேறொரு நிறத்தை முழுக்கப் பூசுங்கள். சிவப்பு 12 போர் தோட்டாக்களில் அடிக்கடி வரும் நிறம்; மஞ்சள் 12ஐ விட ஒடுங்கிய 20 போருக்கு வழமையானது. இருட்டிலும் விரலுக்குத் துளை தட்டுப்பட வேண்டும், அதற்குத்தான் நான்கு. றப்பர் இல்லாமல், குழலில் தோட்டா இருக்கும் அறை வெறுமையாக இருக்கையில் விசையை இழுத்தால் பழைய துவக்குகளில் ஊசி உடையும்.

மணல் நிரப்பிய மூடை ஒன்றைச் சுவர் ஓரமாக வையுங்கள். குழல்வாய் எப்போதும் அதன் பக்கம். வலக்கைப் பெருவிரலால் மேல்நெம்பைத் தள்ளினால் குழல் மடியும். தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். இரவில் டோர்ச் கைவிட்டாலும் விரல் கைவிடாது. அடுத்ததாக, குழலின் உள்ளே வெளிச்சத்தைப் பாருங்கள். இங்கே குளவி கூடு கட்டாத துவாரம் இல்லை. பதினெட்டரை மில்லிமீற்றர்க் குழலுக்குள் பெருவிரல் அளவு களிமண் இருந்தால் போதும், வெடிக்கும்போது குழல் அந்த இடத்தில் பிளந்துவிடும். வரம்பில் சறுக்கிக் குழல்வாய் சேற்றில் குத்தினாலும் இதேதான். மூடும்போது குழலை மேலே தூக்காமல் பிடியைக் குழலோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும், குழல்வாய் அப்போது நிலத்தைப் பார்த்தபடியே நிற்கும். விரல் விசைக்காப்புக்கு வெளியே, நீட்டியபடி.

வெளியே தெரியும் குதிரை (ஊசியைத் தட்டும் சுத்தியல்) உள்ள துவக்கென்றால் ஒரு இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பழக வேண்டும். இழுத்த குதிரையைச் சுடாமல் இறக்குவதுதான் அந்த இடம். வியர்த்த பெருவிரல் வழுக்கினால் குதிரை நேரே ஊசியில் விழும். துவக்கு இடம் கொடுத்தால் முதலில் குழலைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் குதிரையை இறக்குங்கள். குதிரை இழுபட்டிருக்கையில் திறக்காத பழைய துவக்குகளும் உண்டு. அப்படிப்பட்டதைப் போலித் தோட்டாவோடு நூறு தடவையாவது இறக்கிப் பழகாமல் வெளியே எடுக்காதீர்கள்.

கடப்புத் தாண்டுவதை முற்றத்தில் ஒரு வாங்கை வைத்துப் பழகலாம். திற, தோட்டாவை எடு, திறந்தபடியே வாங்குக்கு அப்பால் படுக்கவை, குழல்வாய் உன்னைப் பார்க்காமல். அதன் பிறகு தாண்டு. துவக்கை இழுத்துக்கொண்டு கதியால் வேலியில் நுழைகிறவருக்குக் கொப்பு விசையைத் தட்டினால் போதும்.

மேசைப் பயிற்சிக்கு நாங்கள் ஓட்டுப் போடுவதற்கு உண்மையான காரணம் கைமாற்றுச் சோதனை. பக்கத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் இருந்து, நீங்கள் பார்க்காத நேரம் சில தடவை போலித் தோட்டாவைப் போட்டும் சில தடவை போடாமலும் துவக்கைத் தர வேண்டும். ஒவ்வொரு தடவையும் திறந்து, பார்த்து, தடவி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். “இப்போதுதானே பார்த்தேன்” என்ற எண்ணம் பன்னிரண்டாம் தடவை வரும். அந்தத் தடவை உள்ளே தோட்டா இருக்கும். நாளுக்கு இருபது கைமாற்றம், தொடர்ந்து மூன்று நாள் ஒன்றும் தவறவில்லை என்றால் வயலுக்குப் போகலாம். இரண்டு கிழமை என்றது ஒரு கணக்குத்தான். சிலருக்குப் பத்து நாள் போதும், ஏ.கே. பிடித்துப் பழகிய கைக்குக் கொஞ்சம் கூடலாம். மகசீனைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது என்று அந்தக் கை நினைத்திருக்கும்.

மேசைப் பயிற்சியின் குறை பெரியது. “வெறும் துவக்குத்தானே” என்ற எண்ணத்தை அது ஊட்டிவிடும். அதனால்தான் தோட்டா வேறு அறையில். பயிற்சி முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லி, துவக்கைப் பூட்டிய பிறகு “இன்னும் ஒருக்கா” என்று எடுக்கக்கூடாது. மகனோ மருமகனோ பழகிப் பார்க்க எடுக்கும் பொருளும் இல்லை அது, பத்திரம் ஆளுக்குரியது.

வெடி வைக்கும் நாளில் 24 அல்லது 28 கிராம் ஈயம் உள்ள தோட்டா ஐந்து போதும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். கோதில் எழுதியிருக்கும் நீளத்தைப் பாருங்கள். 70 மில்லிமீற்றர் என்பது வெடித்து விரிந்த பிறகான நீளம், வெடிக்காததோ 65 மில்லிமீற்றர் தோட்டா அறைக்குள் வசதியாகப் போய்விடும். பழைய துவக்கில் அழுத்தம் ஏற அது ஒன்றே போதும். 20 போர் தோட்டா வீட்டிலேயே இருக்கக்கூடாது. 12 போர் அறைக்குள் நழுவிப்போய்க் குழல் ஒடுங்கும் இடத்தில் நின்றுவிடும், அறை வெறுமையாகத் தெரியும், பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் மிஞ்சாது.

குடாநாட்டு நிலமும் கிளிநொச்சி நிலமும் தட்டை. சிறிய ஆறாம் நம்பர் சன்னம் 200 மீற்றர் தாண்டும், பருமனான எஸ்.ஜி. சன்னம் 600 தாண்டும், மறிக்க மலை இல்லை. சுண்ணக்கல் மதில் சன்னத்தைத் திருப்பி அனுப்பும். ஆளுயரத்துக்கு மேல் குவித்த மண் அணை வேண்டும். குளக்கட்டு வேண்டாம், அதில் ஆள் நடப்பார்கள்.

அந்த ஐந்து தோட்டாவோடு இரண்டு போலியைக் கலந்து, பத்திரம் உள்ள அந்த மற்றவர் தோட்டா போட்டுத் தரட்டும். போலி விழும்போது குழல்வாய் கீழே குத்தினால் உதைக்குப் பயந்து கை முந்துகிறது என்று பொருள், மேசைக்குத் திரும்ப வேண்டும். மெய்த் தோட்டா “டிக்” என்று மட்டும் கேட்டுச் சும்மா இருந்தால் குழல்வாயை அணையின் பக்கமே பிடித்தபடி 30 விநாடி காத்திருந்துவிட்டுத் திறவுங்கள். சத்தம் மெலிந்து கேட்டாலோ, அடுத்ததைப் போடுமுன் குழலுக்குள் பாருங்கள், சன்னத்துக்குப் பின்னால் இருக்கும் அடைப்பான் உள்ளேயே நிற்கலாம்.

போலித் தோட்டாவின் றப்பர் ஊசி குத்திக் குத்திக் குழிந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு, நூறு நூற்றைம்பது தடவைக்கு ஒருக்கால் கிண்டி எடுத்துப் புதிது இறுக்குங்கள்.