குட்டி மலையில ஒரு நாள், புது ஸ்கிபோர்டோட

ஸ்கிபோர்டுன்னா பனிச்சறுக்குக்கு ரெண்டு கால்லயும் மாட்டற குட்டையான, அகலமான ஸ்கி. வாங்கலாமா வேணாமான்னு ரெண்டு சீசன் இழுத்தடிச்சு கடைசியில வாங்கியே தொலைச்சாச்சு. 99 சென்டிமீட்டர், ரெண்டு முனையும் மேல வளைஞ்சது, கைக்குக் கம்பு கிடையாது, வழக்கமான ஸ்கி பூட்ஸே போதும். லிஃப்ட்ல நின்ன பையன் காலைப் பாத்துட்டு "சின்னப் பசங்களோடதா?"ன்னு கேட்டான், அவன் பொறக்குறதுக்கு முன்னாடியே 1998ல விண்டர் எக்ஸ் கேம்ஸ்ங்கற பனி சாகச விளையாட்டுப் போட்டியில இதுக்குத் தனிப் பிரிவே நடந்துச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சரி வேணாம்னு விட்டுட்டேன்.

முதல்ல பைண்டிங் கதை, அதாவது பூட்ஸைப் பலகையோட பிடிச்சு வைக்கற மாட்டி. பழைய குட்டை ஸ்கி நிறையதுல பூட்ஸ் கழலவே கழலாது, விழும்போது பலகை முறுக்குனா அந்த முறுக்கு நேரா கெண்டைக்கால் எலும்புக்குப் போகும், அதனால விழுந்தா தானா கழல்ற பைண்டிங் இல்லாம வேணவே வேணாம்னு இருந்தேன். பலகையில ஸ்னோபோர்டுக்கு இருக்கற மாதிரி நாலு ஓட்டைதான் இருக்கு, அதுமேல ரைசர் பிளேட்னு உயரம் ஏத்தற ஒரு தட்டு போட்டு அப்புறம் ஸ்கி பைண்டிங் மாட்டணும். மாட்டினதும் வெயிட்டு ஏறிடுது, சேர்லிஃப்ட்ல தொங்கும்போது நல்லாவே தெரியுது. இன்னொண்ணு, பலகை அகலம்ங்கறதால பூட்ஸ் கழண்டா பலகை தனியா ஓடிடாம நிறுத்தற பிரேக் கம்பியும் அகலமா வாங்கணும், எனக்கு முதல்ல வந்தது பலகை ஓரத்துல இடிச்சு மாத்த வேண்டியதாப் போச்சு.

முதல் ரன்லயே, அதாவது மேலருந்து முதல் தடவை இறங்கும்போதே, பின்பக்கமா தொப்புன்னு விழுந்தேன். நீள ஸ்கியில கொஞ்சம் பின்னால சாஞ்சாலும் வால் தாங்கிக்கும், இதுல குதிகாலுக்குப் பின்னால தாங்க ஒண்ணுமே இல்ல. சரின்னு முன்னால அழுத்தினா மூக்கு பனியில குத்துது. நடுவுல நிக்கணும், முட்டி மடங்கணும், அவ்ளோதான், ஆனா அது உடம்புக்குப் புரிய நாலு ரன் ஆச்சு.

புரிஞ்சப்புறம்தான் விஷயமே! இந்த ரிசார்ட்ல ஒரு சேர்லிஃப்ட், ஒரு டி-பார் (ஸ்கியோட நின்னபடியே மேல இழுத்துட்டுப் போற கம்பி), அவ்ளோதான், நீள ஸ்கியில இறங்கினா நாலு வளைவுல மலை முடிஞ்சிடும், அதே சரிவுல இதுல இருபது வளைவு போட்டேன், கணுக்காலைச் சாய்ச்சா போதும் திரும்பிடுது, பின்னோக்கிப் போறதும் சுத்துறதும் அவ்ளோ ஈசி. கூட்டம் இல்லாததால மேல ஏறு கீழ இறங்குன்னு ஓடிட்டே இருந்தேன், எத்தனை ரன்னுன்னு மத்தியானத்துக்கு மேல எண்ணவே இல்ல.

குறை இல்லாம இல்ல. காலையில பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருந்தப்ப கடிக்கறதுக்கு எட்ஜ், அதாவது பலகை ஓரத்து உலோக விளிம்பு, நீளம் பத்தல, சறுக்கிட்டே போச்சு. நேரா விட்டு வேகம் எடுத்தா முனை படபடன்னு அடிச்சுக்குது. சமதளமான பாதையில கம்பும் இல்ல நீளமும் இல்ல, காலால பக்கவாட்டுல தள்ளித் தள்ளி ஸ்கேட் பண்ணியே தொடை எரிஞ்சிடுச்சு. கம்பெனிக்காரன் முனை வரைக்கும் எட்ஜைக் கூரா விட்டிருக்கான், தட்டையா போகும்போது திடீர்னு மாட்டுது, மத்தியானம் கம் ஸ்டோன்ங்கற ரப்பர் மாதிரியான தேய்ப்புக் கட்டி வெச்சு ரெண்டு முனையிலயும் லேசா மழுக்கினதும் சரியாயிடுச்சு, இதை வாங்கினவுடனே செஞ்சிருக்கணும். வெயில் ஏறி பனி சோறு மாதிரி குழைஞ்சப்புறம் மேடு பள்ளத்துல இதை அடிச்சுக்க ஆளே இல்ல.

பெரிய மலை, ஆழமான பவுடர் (புதுசா விழுந்த பொடிப் பனி), வேகம்னு இருக்கறவங்க இதையே ஒரே ஜோடியா வாங்காதீங்க. எனக்குப் பக்கத்துல இருக்கறது இந்தக் குட்டி மலைதான். மறுநாள் சும்மா ஒப்பிட்டுப் பாக்கலாம்னு பழைய நீள ஸ்கியை மாட்டினேன், சந்துக்குள்ள லாரி ஓட்டற மாதிரி இருந்துச்சு, மூணு ரன்ல கழட்டிட்டேன்.