திருவொற்றியூரா, மாதவரமா? பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகளை முன்வைத்து ஓர் அலசல்

காசிமேட்டில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள வாடகை வீட்டிலிருந்து என் தங்கை குடும்பம் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் இடம் மாற வேண்டியிருக்கிறது. மூத்தவள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், இளையவனை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். தங்கைக்குப் பாரிமுனையில் வேலை; மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. தேடித் தேடிக் கடைசியில் நிற்பவை திருவொற்றியூரும் மாதவரமும்தான். இரண்டும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தவை; முன்னது இப்போது முதலாவது மண்டலம், பின்னது மூன்றாவது. வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதே பணத்துக்கு மாதவரத்தில் வெளிச்சமான அறைகளும் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கின்றன. திருவொற்றியூரில் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய மாடிப்படி கொண்ட பழைய வீட்டின் ஒரு போர்ஷன். வீட்டை மட்டும் பார்த்தால் மாதவரத்துக்கே உடனே முன்பணம் கொடுத்துவிடலாம்.

பள்ளியைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. இன்ன தெருவில் குடியிருப்பவர் இன்ன பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்ற எல்லைக்கோடு தமிழ்நாட்டில் கிடையாது. திருவொற்றியூரில் இருந்துகொண்டு பெரம்பூர்ப் பள்ளிக்கு அனுப்புவதை யாரும் தடுப்பதில்லை. முகவரி உண்மையிலேயே எடை பெறுவது ஓர் இடத்தில்தான்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்க, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நலிந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இளையவனுக்கு இது பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கு அளித்தது. வடசென்னையில் பெயர்பெற்ற கிறித்தவப் பள்ளிகள் பல இருப்பதால், வாசலிலேயே நல்ல பள்ளி இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் கணக்கில் இடம் கிடைத்துவிடும் என்று தரகர் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. போதாக்குறைக்கு, 2025-இல் மத்திய நிதி வராத சிக்கலால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் இதை மட்டும் நம்பி வீடு பிடிக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மூத்தவளுடைய கணக்கு வேறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளியாகவே கொள்ளப்படும். அரசு உதவிபெறும் பள்ளி அப்படிக் கொள்ளப்படாது. பெயரில் அரசு இருப்பதால் பல பெற்றோர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் கல்லூரிப் படிப்புக்கு உதவும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் பின்னர் நீட்டிக்கப்பட்டது உண்மைதான், ஆனால் 7.5 விழுக்காடு அவர்களுக்கு இல்லை. ஆகவே ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு ஏழாண்டுக்கான முடிவு. இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் உரிமை போய்விடும். பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதே இங்கு முதல் கேள்வியாகிறது. திருவொற்றியூர் நெடுங்காலம் தனி நகராட்சியாக இருந்த ஊர். அதன் அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் பழைய ஊருக்குள்ளேயே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மாதவரத்தில் மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குக் குறைவில்லை, கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அங்கே தேர்வு அதிகம். ஆனால் நகர் நகராகப் பரந்து கிடக்கும் ஊர் என்பதால், பால்பண்ணைப் பக்கமோ பொன்னியம்மன்மேட்டிலோ வீடு எடுத்தால் பள்ளி வேன் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. வேன் எட்டு மணிப் பள்ளிக்கு ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். ஒவ்வொரு நகராகச் சுற்றி, மூலக்கடை நெரிசலில் நின்று, பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் பள்ளி வாசலில் இறங்குகிறார்கள். மாதா மாதம் வேன் கட்டணமும் வாடகையோடு சேரும்.

இனி, இரண்டு ஊர்களையும் ஒரேபோல அலைக்கழிக்கும் கன்டெய்னர் லாரி. திருவொற்றியூரில் கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களால் நிறைந்திருக்கிறது. மாதவரத்திலோ ஜி.என்.டி. சாலை, உள்வட்டச் சாலை, மணலி செல்லும் 200 அடிச் சாலை என மூன்று பக்கமும் கனரக வாகனங்கள். லாரி முனையமும் அங்கேதான். ஊரளவில் ஒப்பிட்டால் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை என்றே தோன்றும். ஆனால் பத்து வயதுப் பெண் தனியாக நடந்து போகும் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தியாகராஜர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளும் அவற்றை ஒட்டிய தெருக்களும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு தனிப் பகுதியாக இருக்கின்றன. அதற்குள் வீடும் பள்ளியும் அமைந்துவிட்டால் லாரி ஓடும் எந்தச் சாலையையும் கடக்க வேண்டியதில்லை. காலையில் பூக்காரர்களும் சைக்கிள்களும் ஷேர் ஆட்டோக்களும்தான் எதிரே வருகின்றன. விரைவுச் சாலைக்குக் கிழக்கே வீடு எடுத்தால் இந்தச் சாதகம் முழுவதும் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதவரத்தில் இதற்கு இணையான பகுதி இல்லாமல் இல்லை; பால்பண்ணைக் குடியிருப்பின் உட்சாலைகள் நிழலும் அமைதியுமானவை. அங்கிருந்து வெளியே வரும் இடத்தில்தான் சிக்கல்.

போக்குவரத்தில் இன்றைய நிலவரமும் நாளைய நிலவரமும் ஒன்றல்ல. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்டது. தங்கை திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் ஏறினால் மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ வண்டி மாறாமல் இறங்கலாம். கும்மிடிப்பூண்டி தடத்துப் புறநகர் ரயிலும் இருக்கிறது. மாதவரத்தில் ரயில் நிலையமே கிடையாது. 2018-இல் திறந்த புறநகர்ப் பேருந்து நிலையம் ஆந்திரப் பக்கம் போகிறவர்களுக்கு வசதி. தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆனால் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் சிறுசேரிக்குப் போகும் தடமும் சோழிங்கநல்லூருக்குப் போகும் தடமும் மாதவரம் பால்பண்ணையிலிருந்துதான் புறப்படுகின்றன. அவை ஓடத் தொடங்கும் நாளில் இந்த அலசலின் பாதி செல்லாமல் போகும். அதோடு வாடகையும் ஏறும். இப்போதைக்கு அங்கே கண்ணில் படுவது தடுப்புப் பலகைகளும் தோண்டிய சாலைகளும்தான். மாப்பிள்ளைக்கு மாதவரமே வசதி. பைக்கில் ரெட்டேரி சந்திப்பு வழியாக அம்பத்தூருக்குப் போய்விடுவார். திருவொற்றியூரிலிருந்து என்றால் ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

காற்றைப் பற்றிப் பேசாமல் வடசென்னையில் வீடு பார்ப்பதில் அர்த்தமில்லை. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ள மணலி இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் மேற்குக் காற்று வீசும் வேளைகளில் மணலியின் நெடி திருவொற்றியூர்ப் பக்கம் தள்ளப்படுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அது திரும்பிவிடும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அதே நெடி மாதவரத்தின் பங்குக்கு வருகிறது. மாதவரத்துக்குத் தென்கிழக்கே கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வேறு இருப்பதால், திருவொற்றியூரைச் சுத்தப்படுத்தும் கடற்காற்றே மூலக்கடை, தபால்பெட்டிப் பக்கம் குப்பை நாற்றத்தை ஏந்திக்கொண்டு போகிறது. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி மாணவர்கள் வாயு நெடியால் மயங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது பெற்றோர் மனத்தில் இன்னும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. இளையவனுக்கு வீசிங் இருந்திருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு கொளத்தூருக்கு மேற்கே பார்க்கும்படி சொல்லியிருப்பேன்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புழல் ஏரியின் உபரிநீர் மாதவரம் மண்டலத்து வடபெரும்பாக்கம் வழியாகத்தான் இறங்குகிறது. அந்தப் பக்கம் வேண்டாம். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எர்ணாவூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. அந்தப் பக்கமும் வேண்டாம். கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள் அந்த அளவுக்குத் தாழ்வானவை அல்ல. ஆனால் ரயில் பாதைக்கு மேற்கே வீடு எடுத்தால் மழைக்காலத்தில் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையை நம்ப முடியாது. நிலத்தடி நீர் திருவொற்றியூரில் உப்பு. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் இணைப்பும் தொட்டியும் இல்லாத போர்ஷனுக்கு எவ்வளவு வாடகை குறைத்தாலும் தலையாட்டக் கூடாது. மாதவரத்தில் தண்ணீர் இதைவிடத் தேவலை.

வீட்டு வசதியிலும் தண்ணீரிலும் மாப்பிள்ளையின் பயணத்திலும் மாதவரம் முந்துகிறது என்பதை மறுக்கவில்லை. இருந்தும் நான் திருவொற்றியூரைத்தான் சொல்வேன், அதுவும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு மேற்கே, ரயில் பாதைக்குக் கிழக்கே மட்டும். மாப்பிள்ளையின் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் பிள்ளைகளைக் கொண்டுவிடுவதும் உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடி வருவதும் தங்கைதான். பாரிமுனையிலிருந்து விரைவில் வந்து சேர அவளுக்கு மெட்ரோ இருக்கிறது. மூத்தவள் ஏழாண்டு ஒரே அரசுப் பள்ளிக்கு நடந்து போகலாம். மாப்பிள்ளை இதற்கு இன்னும் முழுமையாக ஒத்துக்கொள்ளவில்லை. பத்துமாத முன்பணத்தைக் கொடுப்பதற்குள், காலை ஷிஃப்ட் நேரத்தில் தேரடியிலிருந்து அம்பத்தூருக்கு ஒரு முறை பைக்கில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.