பத்து ரூபாய் மஞ்சப்பையில் கேமரா: நான்கு ஆண்டு அனுபவம்

2021 கடைசியில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 23 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். சேமிப்பு அத்தனையும் அதில் போயிருந்ததால், கல்யாணப் பெண்ணுக்குச் சீர் வைப்பதுபோல் பாதுகாப்புச் சாமான்களையும் வாங்கிக் குவித்தேன். உள்ளே தடித்த நுரைத் தடுப்புகள் வைத்த முதுகுப்பை, லென்ஸின் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி, திரைக்கு ஒட்டும் கண்ணாடி, பழுப்பு நிறத்தில் தோலுறை. இன்று அவற்றில் கேமராவோடு இருப்பது அந்த ஒட்டுக் கண்ணாடி மட்டும்தான். கேமரா இருப்பது ஒரு மஞ்சப்பையில்.

காசிமேட்டுக்கு முதன்முதலில் போன விடியற்காலை நன்றாக நினைவிருக்கிறது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில், கதவகலத் திருக்கை ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கியே வந்தார்கள். முதுகுப்பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்தேன். தடுப்பை விலக்கினேன். தோலுறையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றினேன். லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று விழித்தேன். தலை நிமிர்ந்தபோது திருக்கை தராசில் கிடந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தார். “நீ பெட்டியைத் திறப்பதற்குள் எங்கள் வியாபாரமே முடிந்துவிடும் தம்பி.”

ஃபிலிம் காலத்தில் இத்தகைய தோலுறைகளை ‘எவர் ரெடி கேஸ்’ என்று விற்றார்கள். புகைப்படக்காரர்கள் அதை ‘நெவர் ரெடி கேஸ்’ என்று கேலி செய்வது வழக்கம். தெரிந்தும் வாங்கினேன், பார்க்க அழகாக இருந்தது.

அப்போதும் திருந்தவில்லை. வெல்க்ரோ வைத்த சுற்றுத்துணிக்கு மாறினேன். நல்ல பொருள்தான், ஆனால் மார்கழிக் கச்சேரிக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது, இடைவேளைக்குத் தயாராகலாம் என்று துணியைச் ‘சர்’ரென்று பிரித்தேன். முன் வரிசை மாமா ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தத் துணி அன்றோடு பரணுக்குப் போனது.

என் புத்தியை உண்மையில் மாற்றியது பூஞ்சை. பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வைத்திருந்தேன். இருப்பதிலேயே பத்திரமாகப் பார்த்துக்கொண்டது அதைத்தான். வெளியே எடுப்பதே இல்லை. தோலுறையில் போட்டு, முதுகுப்பைக்குள் வைத்து, பையைப் பீரோவில் பூட்டியிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. சுவரின் ஈரம் காயப் பொங்கல் ஆகிவிட்டது. பிப்ரவரியில் பீரோவைத் திறந்தால் தோலுறை மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல்போல் ஏதோ கிளை பிரிந்து ஓடியிருந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்து 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். கண்ணாடிப் பூச்சில் பூஞ்சை அரித்த தடம் மட்டும் போகாது என்று கையை விரித்துவிட்டார்.

அதே இரண்டு மாதமும் வெயில், தூசி, பேருந்து நெரிசல் என்று என் தோளில் தொங்கிய கேமராவுக்கு ஒரு மூலையில் பெயின்ட் உரிந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. இருட்டு, அசையாத காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்த இடம் பூஞ்சைக்கு வாசம் செய்யத் தோதானது. தோலும் நுரையும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சென்னையில் ஊரே பாதி நாள் ஈரம்தான். இப்போது வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகளும் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியும் உண்டு. முள் 45 சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி. ஆரஞ்சு மணிகள் பச்சையாகிவிட்டால், சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும்.

இனி மஞ்சப்பை. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள் அல்லவா, அதில் எடுத்தது. பழைய யோகா பாயை வெட்டி அடியிலும் பக்கங்களிலும் வைத்து, மேலே பருத்தித் துணி போட்டுத் தெருமுனைத் தையல்காரரிடம் தைத்துக்கொண்டேன். கூலி 150 ரூபாய். ஜிப் கிடையாது. கை உள்ளே போனால் நேராகக் கேமராவின் பிடியில் போய் நிற்கும். கூட்டத்தில் அதைப் பார்க்கிற எவருக்கும் உள்ளே கத்தரிக்காய் இருப்பதாகத்தான் தோன்றும். விலையுயர்ந்த பைகள் எதிலும் கிடைக்காத பாதுகாப்பு இது.

லென்ஸ் மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். லென்ஸைக் காப்பது அதன் முனையில் மாட்டும் உலோக வளையமான ஹுட். இடி முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. அதன் விளிம்பைப் பார்த்தால் தெரியும். ஃபில்டரைக் கழற்றியதற்குக் காரணம் இரவுப் படங்கள். ஃபில்டர் இருந்தால் சாமி புறப்பாட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிழல் விளக்கு எதிர்ப்பக்கம் தோன்றிவிடும். அறுபத்துமூவர் உற்சவத்தன்று மட்டும் பகலில் மாட்டுகிறேன். ஒருமுறை நீர்மோர்ப் பந்தலில் யாரோ நீட்டிய டம்ளர் நேராக லென்ஸில் கவிழ்ந்தது. மோரைக் கண்ணாடியிலிருந்து வழிப்பதைவிட ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் அலம்புவது எளிது.

அமைப்புகளை ஒரே ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட்டேன். பகலில் லென்ஸின் துளை எஃப் 8 அளவில், ஃபோகஸ் கையால் 2.5 மீட்டரில். இந்த லென்ஸில் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாமே போதுமான தெளிவோடு விழும்; கேமரா யோசிக்க வேண்டியதில்லை. ஷட்டர் 1/500 நொடிக்குக் கீழே இறங்காது. உறக்கத்தில் இருந்தாலும் பட்டனைப் பாதி அழுத்தினால் விழித்துக்கொள்ளும். பைக்குள் கை போகும்போதே அழுத்திவிடுகிறேன். இதற்கு பேட்டரி பலியாகும், ஆகவே சட்டைப் பையில் இன்னொன்று. மெமரி கார்டை மடிக்கணினியிலேயே விட்டுவிட்டு மகாபலிபுரம் வரை போய்வந்த அவமானத்துக்கு மட்டும் எந்த அமைப்பும் உதவவில்லை.

ஏ.சி. விஷயத்தில் மட்டும் அவசரம் ஆகாது. மெட்ரோ ரயிலிலிருந்து சென்ட்ரலில் வெளியே வந்தவுடன் எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படரும். அதனால் ரயில் ஏறும்போது கேமராவை பாலித்தீன் உறையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுகிறேன். வெளியே வந்து கால் மணி நேரம் டீ குடித்துவிட்டுப் பிரித்தால் சரியாக இருக்கிறது. கடற்கரைக்குப் போய்வந்தால் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, பிறகு லேசாக நனைத்த பழைய வேட்டித் துணியால் உப்பைத் துடைத்து, உலர் துணியால் ஒற்றுகிறேன்.

குறைகளும் உண்டு. மேலே திறந்த பை என்பதால் மழையில் ஒன்றும் செய்ய முடியாது. விடுதிக் குளியலறையில் கிடைத்த ஷவர் கேப்பை மடித்து வைத்திருக்கிறேன், தூறலுக்குப் போதும், கொட்டினால் ஒதுங்க வேண்டியதுதான். மணிக்கட்டு வார் ஒன்றின் இணைப்புக் கயிறு தேய்ந்து அறுந்ததில், கேமரா மஞ்சப்பைக்குள்ளேயே விழுந்து தப்பித்தது. இப்போது மாதம் ஒருமுறை கயிற்றை நகத்தால் நெருடிப் பார்க்கிறேன். பையின் காதுகள் இரண்டு முறை பிய்ந்து மறுதையல் போட்டாயிற்று.

போன வாரம் அவசரமாக எடுத்து ஒரு பூக்காரரைப் படம் பிடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு மங்கல். பூஞ்சையோ என்று நெஞ்சு திக்கென்றது. ஹுட்டில் சிக்கியிருந்தது கொத்தமல்லித் தழை. காலையில் கடைக்குப் போன அம்மா வாசலில் மாட்டியிருந்த பையை எடுத்துப் போயிருக்கிறார்.